சுவரில் மூன்று தட்டு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. என் தொண்டையைப் பற்றி, ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். எதிர்மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கும் தெரியும்.

கடந்த ஆண்டு ஜூன் மாதம் என் மனைவி ஜெயராணிக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது. அடுத்து ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும், கொழும்பில் கதிர் சிகிச்சை. மலையிலிருந்து தினம் போய்வர முடியுமா? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை தேடி மூன்று நாள் அலைந்தேன். நோயாளி என்றதுமே கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் நாள் பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். கங்காணி அழுதால் அதுவும் சத்தமாகத்தான் இருக்கும். "ஆண்டவரே, மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு இடத்தோட அருமை தெரியாதா?" என்று அவரோடு சண்டையே போட்டேன்.

அன்று மாலையே கிடைத்தது. உயர்ந்த மதில்களும் மாமரங்களும் உள்ள ஒரு தெரு. அங்கே நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். வீட்டுக்கார நோனா, தனியாக இருக்கும் சிங்களப் பெண்மணி, தன் வீட்டோடு ஒட்டிய அறையைக் காட்டினார். அடுப்பு, கட்டில், மேசை எல்லாம் ஒரே அறைக்குள். அதற்குப் பெயர் ஸ்டூடியோவாம். தோட்டத்தில் நான்கு தலைமுறையாக ஸ்டூடியோவில் இருந்துகொண்டு அதை லயத்துக் காம்பிரா என்று சொல்லி வந்திருக்கிறோம்!

"சத்தம் மட்டும் வேணாம், ஆ? இங்க எல்லாம் அமைதியான ஆளுங்க" என்றார் நோனா, தெரிந்த தமிழில்.

"நாங்க இருக்கிறதே தெரியாதுங்க நோனா" என்றேன். ஜெயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அமைதிதான் பிறகு எங்களைப் பயமுறுத்தியது. ஜெபத்தைக்கூட முணுமுணுத்தேன். மெதுவாகச் சொன்னால் கர்த்தருக்குக் கேட்குமா என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம்.

"ஏங்க, அவரு என்ன எதிர்மலையிலயா நிக்கிறாரு?" என்றாள் ஜெயராணி. சிரித்தவள் திடீரென்று கேட்டாள்: "இங்க எனக்கு ஏதாச்சும் ஆனா யாரைங்க கூப்பிடுவீங்க?"

அன்றிலிருந்து ஒரே ஜெபம்: அறையைக் கொடுத்தீர், ஓர் ஆளையும் கொடும்.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய் மதியம். கஞ்சியைக் கையில் வாங்கும்போதே ஜெயராணி சரிந்துவிட்டாள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. போனை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. என் கை தானாகப் போய்ச் சுவரில் மூன்று முறை ஓங்கித் தட்டியது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசையில் அப்படித்தான். பிரசவமோ பாம்போ, மூன்று தட்டு தட்டினால் பக்கத்துக் காம்பிரா ஓடிவரும். தட்டிய பிறகுதான் உறைத்தது, அந்தப் பக்கம் இருப்பது நோனா. அறை போச்சு என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. காலில் செருப்புகூட இல்லாமல் நோனா. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"பேச வேணாம், தூக்குங்க! நான் கார் எடுக்கிறது!"

சத்தம் வேண்டாம் என்றவர், ஆஸ்பத்திரி வாசல்வரை ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

ஜெயராணி அறைக்குத் திரும்பிய மறுநாள் காலை, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு கேட்டது. எழுந்து உட்கார்ந்து அவளும் மூன்று தட்டினாள். சிகிச்சை முடியும்வரை தினமும் அப்படித்தான் விடிந்தது. புறப்படும் நாளில் நோனா சொன்னார்: "என் புருஷன் செத்துப் போனதுக்குப் பிறகு எனக்கும் யாரும் இல்ல. நீங்க தட்டினது நல்லது."

ஆள் கேட்டு ஜெபித்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்று ஜெயராணி மறுபடி கொழுந்தெடுக்க மலையேறுகிறாள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம். நானும் மெதுவாக ஜெபிக்கப் பழகிவிட்டேன். முன்வரிசைக்காரர்கள் தனியாக ஸ்தோத்திரம் சொல்லலாம். தெரியாத ஊரில், சாத்திய கதவுகளுக்கு நடுவே இதை வாசிக்கிறவர்களே, வெட்கப்படாமல் அவரை நோக்கித் தட்டுங்கள். அவர் செருப்புகூடப் போடாமல் வருவார்.