சிவகாமி தேடிய பன்னிரண்டு டிரம்கள்

சிவகாமி இறந்த செய்தி வந்தபோது நான் தேக்கா சந்தையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு, அவரிடம் சண்டை பிடிக்கக் கைப்பேசியில் அவருக்கே ஒரு செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வல்லரசுகள் தங்கள் அணுகுண்டுகளுக்கு வரம்பு போட்டிருந்த கடைசி ஒப்பந்தமும் காலாவதியாகிவிட்டது என்று காலையில் வானொலி சொன்னது. ‘இப்போது என்ன சொல்கிறீர்கள் மேடம்?’ என்று பாதி தட்டியிருக்கும்போதே, பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவர் படத்தைப் போட்டு, கீழே கைகூப்பும் பொம்மையும் ஒட்டியிருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதில் சொல்லாமல் போகிற ஆளா அவர்?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரசாயனப் பொருள்களை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருவரும் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்தோம். நான் விற்பனை, அவர் ஏற்றுமதி அனுமதி. நாங்கள் விற்றவற்றில் சில, பேனா மைக்கும் துணிச்சாயத்துக்கும் ஆகும். விஷவாயு செய்யவும் ஆகும். அதனால் ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் அவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் அதில் கையெழுத்துப் போட்டதால் இங்கே சட்டம் வந்தது, சட்டத்தால் பெர்மிட் வந்தது, பெர்மிட்டால் என் தலையில் சிவகாமி வந்து உட்கார்ந்தார்.

ஒருமுறை நாற்பது டிரம் ரசாயனத்துக்கு ஆர்டர். பெரிய ஆர்டர், மூன்று மாதம் அலைந்து பிடித்தது. வாங்குபவர் மை தயாரிப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். சிவகாமி என் எதிரிலேயே அவரிடம் தொலைபேசியில் பேசி, என்ன நிறத்தில் மை தயாரிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அந்தப் பக்கம் தொடர்பு துண்டிக்கப்பட்டது. ஆர்டரும் போயிற்று. அந்த ஆள் கெட்டவனா, வெறும் தரகனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நான் மேசையைத் தட்டிக் கத்தியது மட்டும் மாடி முழுக்கக் கேட்டதாம்.

ஆங் மோ கியோவில் அவர் வீட்டருகே இருந்த சமூக மன்றத்தில், ஆயுதக் கட்டுப்பாடும் நாட்டுப் பாதுகாப்பும் என்ற தலைப்பில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். போர்க்கப்பலும் விமானமும் நமக்கு வேண்டியவைதான், பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போவதும் வேண்டியதுதான், ஆனால் பெரிய நாடுகளையும் கட்டிப்போடும் விதி ஒன்று இல்லாவிட்டால் இத்தனூண்டு தீவுக்கு அவை எத்தனை நாள் தாங்கும் என்று அவர் ஆரம்பித்தார். பத்தாவது நிமிடத்தில் ஏற்பாட்டாளர் கடிகாரத்தைக் காட்டினார். கேள்வி நேரத்தில் வந்த ஒரே கேள்வி, சாப்பாட்டுக்குக் கூப்பன் எங்கே தருகிறார்கள் என்பது. எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ சிரித்துக்கொண்டே கூப்பன் மேசை எங்கே என்று கையைக் காட்டினார்.

இனி நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அவர் கண் அறுவை சிகிச்சைக்கு விடுப்பில் இருந்த வாரம், வேறொரு வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டு டிரம்களை அனுப்பினேன். சரக்கை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற உறுதிமொழியை வாடிக்கையாளரிடம் கேட்காமல், பழைய கோப்பிலிருந்து எடுத்து நானே நிரப்பி, நானே கையெழுத்தும் போட்டேன். சிவகாமி திரும்பி வந்த முதல் நாளே, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து அந்தக் கோப்பைப் படித்துவிட்டார். மதியம் சிராங்கூன் சாலையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். இலை போட்டதும் சொன்னார்.

“நாளைக்குக் காலையில நான் கஸ்டம்ஸுக்குப் போய் ரிப்போர்ட் பண்ணப்போறேன், ராஜு. அதுக்கு முன்னாடி நீங்களே போயிட்டா நல்லது.”

பெரிய நாடுகள் ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருக்கின்றன, ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுகின்றன, அவர்களைக் கேட்க நாதியில்லை, பன்னிரண்டு டிரம்முக்கு என்னைத் தூக்கிலா போடுவீர்கள் என்று கேட்டேன்.

“அவங்க கையெழுத்து அவங்க பாடு லா. இது உங்க கையெழுத்து.”

போனேன். அவரும் கூடவே வந்து, விசாரணை முடியும்வரை வெளியே நாற்காலியில் காத்திருந்தார். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கிடைத்தது, விற்பனைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரக்கோ அதற்குள் அடுத்த துறைமுகத்தில் இறங்கியிருந்தது. கொடுக்கப்பட்ட முகவரியில் பூட்டிய கடை ஒன்றுதான் இருந்ததாம். டிரம்கள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடம் நான் சிவகாமியிடம் பேசவில்லை. மின்தூக்கியில் அவரைக் கண்டால் படியேறிப் போவேன், ஏழு மாடி.

பிறகு ஒரு நாள் தொலைக்காட்சியில், எங்கோ ஓர் ஊரில் விஷவாயு போட்டதாகக் காட்டினார்கள். தரையில் வரிசையாகக் குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். நான் பார்த்த பார்வையில் மனைவி பயந்துவிட்டாள். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் சிவகாமியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘நம்ம சரக்கு இல்ல. அது வேற வகை வாயு. செக் பண்ணிட்டேன்.’

அதன்பின் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எங்கே எந்த விஷவாயுத் தாக்குதல் நடந்தாலும், ஒப்பந்தப்படி அங்கே போகும் ஆய்வாளர்களின் அறிக்கையைத் தேடிப் படித்து, வாயுவின் வகையும் தேதியும் பார்த்து, நான் கேட்காமலே ஒரு வரி அனுப்புவார். ஓய்வுபெற்ற பிறகும் அனுப்பினார். படுக்கையில் விழுந்த பிறகும், தன் மகளைத் தட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இத்தனை ஒப்பந்தமும் உடைகிறதே, இன்னும் எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கடைசியாகப் பார்த்தபோதுகூட அவரைச் சீண்டினேன்.

“ஒப்பந்தம் யாரையும் நல்லவனாக்காது, ராஜு. உள்ள போய்ப் பாக்க ஒரு ஆளுக்கு உரிமை கொடுக்கும். அந்த ஆள் பாத்துட்டு வந்ததாலதான் நீங்க தூங்குறீங்க.”

அன்றே நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மண்டாய் தகனக்கூடத்தில் வரிசையில் நின்றபோது சொல்லிப் பார்த்தேன், அங்கே சொல்லி யாருக்கு லாபம்?

சென்ற வாரம் மறுபடியும் எங்கோ விஷவாயு போட்டதாகச் செய்தி. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நானே கணினியில் உட்கார்ந்து, அவர் படிக்கும் அறிக்கைகள் எங்கே இருக்கும் என்று மகனைக் கேட்டுத் தேடி எடுத்தேன். இரண்டே பக்கம். ஆய்வாளர்களை அந்த ஊருக்குள் அனுமதிக்கவில்லை என்று எழுதியிருந்தது. வாயுவின் வகை தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன், மேடம். நம்ம சரக்கு இல்லை என்று சொல்ல அதில் ஒரு வரியும் இல்லை.