காலரா இல்லை என்று படித்த குரல்

விழுப்புரத்திலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் திண்டிவனம் நிலையத்தில் இறங்கியதும் என்னைத் தேடி வந்து சொன்னார், மைக் துரைக்கண்ணு காலையில் போய்விட்டார் என்று. நெஞ்சுவலியாம். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். அவர்மேல் எனக்கு ஒரு பழைய கோபம் மிச்சமிருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள விடாமல் போய்விட்டார் மனிதர்.

அவரோடு பழகியவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சினிமாவோ கட்சிக் கூட்டமோ சாவோ, எதுவானாலும் ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டி விழுப்புரத்தின் தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனவர் துரைக்கண்ணு. ஆம்ப்ளிஃபயரும் பாட்டரியும் இடையில் போடும் பாட்டும் என்னுடையவை, குரல் அவருடையது. சினிமாவுக்கு அந்தக் குரல் துள்ளும், கூட்டத்துக்கு முழங்கும். சாவு என்றால் மட்டும் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, தணிந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அது தெருமுனையில் கேட்டதுமே பெண்கள் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்துவிடுவார்கள். "சாவு சொல்றப்ப அவசரப்படக் கூடாதுடா" என்பார் என்னிடம்.

ஒரு கோடையில் ரயில் பாதைக்கு அப்பாலிருந்த தெருக்களில் வாந்திபேதி புகுந்தது. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அது நகராட்சியின் குழாய் என்றது குடிநீர்த் துறை. இல்லை, துறையின் குழாய் என்றது நகராட்சி. சென்னையிலிருந்து பரிசோதனை முடிவு வரும்வரை காலரா என்று யாரும் சொல்லக் கூடாது என்றார் சுகாதார அதிகாரி. அதுவரை ஜனங்கள் சாகலாம், நோய்க்குப் பெயர் வைக்கத்தான் கூடாது. கிணறுகளில் போடப் பிளீச்சிங் பவுடர் கேட்டால் இருப்பில்லை. ஆனால் பாலம் திறக்க மந்திரி ஒருவர் வருவதாக இருந்தது. அவருடைய கார் வரப்போகும் சாலையின் இரண்டு ஓரத்திலும் அதே பவுடரால் வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். வாசனை மூக்கைத் துளைத்தது.

மந்திரி வருவதற்கு முந்தின நாள் நகராட்சி அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். நகரில் காலரா இல்லை, குடிநீர் பாதுகாப்பானது, வதந்தி பரப்புவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஒரு சொல் கூடாமல் குறையாமல் படிக்கிறோமா என்று பார்க்க ஒரு போலீஸ்காரரையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

துரைக்கண்ணு தாளை ஒருமுறை தனக்குள் வாசித்துவிட்டு மைக்கை எடுத்தார். பிறகு, "பாட்ட நிறுத்து" என்றார். நிறுத்தினேன். தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் படித்தார், சாவு சொல்லும் குரலில். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி இடுப்பிலிருந்த குடத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தாள். போலீஸ்காரர் ஊருக்குப் புதியவர். தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கியிருந்தது. டீக்கடையில் ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் ரயில் பாதைக்கு அப்பாலிருந்து, ஒரு சாவு சொல்ல வேண்டும் என்று தெருக்காரர்கள் கூப்பிட்டார்கள். அனந்தபுரத்திலிருந்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கும் வேலைக்கு அந்த வாரம்தான் குடிவந்த ஒருவரின் மகள், சின்னப் பெண். விவரம் கேட்க வண்டியை நிறுத்தினோம். பெண்ணின் தகப்பன் வண்டியருகே வந்து துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார். சண்டைக்கு வரவில்லை.

"நீங்கதானேண்ணா, தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லிக்கினு போனீங்க? பக்கத்து வூட்ல குடுக்காதன்னாங்க. கவருமெண்டே சொல்லுதேன்னு நான்தான் மொண்டு குடுத்தேன்."

அவருக்கு எங்கள் ஊர்க் குரல்கள் தெரியாது. சொன்னதைக் கேட்டார், நம்பினார்.

துரைக்கண்ணு வண்டியில் ஏறி மைக்கை எடுத்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். மந்திரி வரும் நாள், உள்ளே தள்ளிவிடுவார்கள், ஆம்ப்ளிஃபயரும் போய்விடும் என்று கெஞ்சினேன்.

"தந்திரம் பண்ணி நான் தப்பிச்சிக்கினேன்டா. அந்தாளு தப்பிக்கல" என்று கையை விடுவித்துக்கொண்டார்.

கடைத்தெருவரை உண்மையைச் சொல்லிக்கொண்டே போனார். அங்கே போலீஸ் ஜீப் குறுக்கே வந்து நின்றது. பீதி கிளப்பியதாக வழக்கு. என் ஆம்ப்ளிஃபயர் காவல் நிலையத்துக்குப் போனது, திரும்பவே இல்லை. என் கோபம் அதுதான். ஆனால் அன்று ரயில் பாதைக்கு அப்பாலிருந்த ஜனங்கள் காலிக் குடங்களோடு போய் மந்திரியின் கார் முன்னால் உட்கார்ந்தார்கள். அடுத்த நாளே லாரியில் தண்ணீர் வந்தது, இருப்பில்லாத பிளீச்சிங் பவுடரும் வந்தது. துரைக்கண்ணுவுக்கு அதன்பிறகு மைக் பிடிக்க அனுமதி கிடைக்கவில்லை. நான் பிழைப்புத் தேடித் திண்டிவனம் வந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அந்தச் சாவுக் குரலைத்தான் புகழ்ந்தார்கள். அதிகாரியின் கண்ணிலேயே மண்ணைத் தூவினாரே என்றார்கள். அவர் இருந்தவரை அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். எனக்கும் அது வேண்டாம். நான் நினைவில் வைத்துக்கொண்டிருப்பது மறுநாள் கேட்ட குரலை. துள்ளாமல், முழங்காமல், இழுக்காமல், வீட்டில் பேசுவது போலப் பேசினார். அறிவிப்பில் தன் பெயரைச் சொல்லும் வழக்கமே இல்லாத மனிதர் அன்று சொன்னார்:

"பேசுறது துரைக்கண்ணு. நேத்து நான் படிச்சது பொய்ங்க. தண்ணியில காலரா இருக்கு."