அரபா நாளில் நடுக்கடலில்

வாப்பாவும் நானும் ஹஜ்ஜுக்குப் போன வருடம் கொழும்பிலிருந்து இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. முதல் கப்பலை நாங்களாகவே விட்டோம். எங்கள் ஊரான அக்குறணையில் ஹஜ்ஜுக்குப் போகிறவர், தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்காமல் படி இறங்க மாட்டார். வாப்பா வீடு வீடாக ஏறினார். கண்டிச் சந்தை வரைக்கும் போனார். கடைசியில் ஒரே ஒருவர் மிச்சம். பன்விலத் தோட்டத்துத் தொழிலாளி. எப்போதோ எங்கள் துணிக்கடையில் வைத்து அவரைக் கள்ளன் என்று வாப்பா ஏசியிருந்தார். அவரோ இந்தியாவுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை வாப்பா அசையவில்லை.

வந்த செய்தி கிடைத்ததும் தோட்டத்துக்கு ஓடினோம்.

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் மொதலாளி. நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார் அவர்.

எனக்கு வாப்பாவின் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இரண்டாவது கப்பலுக்கு டிக்கட் எடுக்கும்போது கப்பல் ஏஜண்டிடம் கேட்டேன், அரபா நாளுக்கு முன் போய்ச் சேருவோமா என்று. அன்று மக்காவுக்கு அருகிலுள்ள அரபா மைதானத்தில் நிற்காதவருக்கு ஹஜ் கிடையாது. ஒரு நாள் பிந்தினாலும் போன பயணம் வீண். "ஒரு கிழமைக்கு முந்தியே இறங்கிடுவீங்க" என்று சிரித்தபடி சொன்னார்.

வழியில் இந்தியத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நங்கூரம் போட்டது. இயந்திரத்தில் பழுதில்லை, கடலிலும் கொந்தளிப்பில்லை. கீழ்த்தட்டில் இடம் மிச்சமிருந்தது, அது நிரம்ப வேண்டுமாம். பத்து நாள் அங்கேயே கிடந்தோம். நியாயம் கேட்கப் போனவர்களை மாடு விரட்டுவதுபோல விரட்டினார்கள்.

அரபா நாள் நடுக்கடலில் விடிந்தது. வாப்பா ஹஜ்ஜுக்கென்று உடுத்த வெள்ளை இஹ்ராம் துணியோடு மேல்தட்டுக்கு வந்து, உச்சிப் பொழுதிலிருந்து கையேந்தி நின்றார். சூரியன் மறைந்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஜித்தாவில் இறங்கியபோது பெருநாள் முடிந்திருந்தது. மக்காவுக்குப் போய், எந்த நாளிலும் செய்யக்கூடிய சிறிய யாத்திரையான உம்ராவை நிறைவேற்றி முடி களைந்தோம். ஹஜ் இன்னும் உங்கள் மேல் கடமைதான் என்று மார்க்கம் படித்த ஓர் ஆலிம் தயவாகச் சொன்னார்.

கொழும்பில் இறங்கிய கையோடு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு ஏஜண்டிடம் போனேன்.

"டிக்கட்டப் பாருங்க தம்பி. ஜித்தாவுக்குக் கொண்டு போறதுன்னு ஈக்கு. எந்த நாளைக்குன்னு ஈக்கா?"

"சல்லி ஒண்டும் வாணாம். வாப்பாக்கிட்ட ஒரு மாப்புக் கேளுங்க."

"கம்பெனிக்கு அப்பிடிக் கேக்குற வழக்கமில்ல."

வாப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

அக்குறணையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊரே கூடி, ஹஜ்ஜியார் ஹஜ்ஜியார் என்று அவர் கையைப் பிடித்து முத்தமிட்டது. "நான் ஹஜ் செய்யல்ல. நேரத்துக்குப் போய்ச் சேரல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பெரிய மனுஷனின் பணிவு என்று மெச்சினார்களே தவிர, யாரும் நம்பவில்லை. கடைக்கு வந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அடுத்த வருடக் கப்பலுக்கு அவர் இருக்கவில்லை.

வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, ஹஜ்ஜியார் மௌத்து என்று அறிவித்துக்கொண்டு ஒருவர் தெருவில் போனார். நான் வெளியே ஓடி அவரை நிறுத்தி, அந்தப் பட்டத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். வாப்பாவின் ஹஜ்ஜைப் பெற்ற மகனே பறிக்கிறான் என்று ஊர் என்னை ஏசியது.