தேளின் கைப்பிடி

மெத்தைக் கடையில் வாங்க வந்தவர்கள் தயங்கினால் முதலாளி அவரைத்தான் கூப்பிடுவார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தைக்கு முதுகைக் காட்டி நின்று, மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே மல்லாக்க விழுவார். வந்தவர்கள் பதறிப்போவார்கள். அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டு, "ஸ்பிரிங் நல்லா இருக்கு, தைரியமா வாங்குங்க" என்பார்.

விழுவது அவருடைய பழைய தொழில். மல்யுத்த மேடையில் அவர் பெயர் 'தேள்'. எதிராளியின் கண்ணில் பொடி தூவுகிறவர், நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் முதுகில் குத்துகிறவர். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய 'இடி'யிடம் தோற்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கூட்டம் அத்தனையையும் நிஜமென்றே நம்பியது. ஒருமுறை பேருந்தில் ஒரு அம்மாள் குடையால் அவர் முதுகில் நாலு போட்டுவிட்டு இறங்கிப் போனாள். "நல்லா செய்யறேன்னு அர்த்தம்" என்று அவர் பெருமைப்பட்டார். தைலம் தேய்த்துவிட்ட மனைவிக்குத்தான் அந்தப் பெருமை விளங்கவில்லை.

கூட்டத்தின் நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு கட்டுப்பாடு இருந்தது. நல்லவனும் கெட்டவனும் வெளியில் சேர்ந்து கண்ணில் படக் கூடாது. வேறு வண்டி, வேறு விடுதி, வேறு சாப்பாட்டுக் கடை. மேடையில் கட்டிப் புரண்ட இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. பேச்செல்லாம் கையால்தான். பிடி போட்டிருக்கும்போது கையை ஒருமுறை அமுக்கினால், 'தாங்குமா?' என்று கேட்பதாக அர்த்தம். பதிலுக்கு அமுக்கினால் 'தாங்கும், இழு'. பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

ஒரு போட்டியில் தேள் இடியின் கையை முதுகுப்பக்கம் முறுக்கிப் பிடித்து, அமுக்கினார். பதில் வந்தது. இழுத்தார். தோள் மூட்டு விட்டுப்போனது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க மல்யுத்தக் குழுவின் முதலாளிகள் விடவில்லை. கெட்டவன் பழப்பையோடு வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் பிழைப்பு என்னாவது? இடி தேறி வருவதற்குள் தேளை வேறொரு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை.

பதில் நிஜமாகவே வந்ததா, இல்லை, வலியில் துடித்த விரலைத்தான் பதிலென்று எடுத்துக்கொண்டோமா? இது அவருக்கு இன்றுவரை தெரியாது. மனைவி ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தார். "வந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்" என்பார். "அப்ப வந்துச்சுதான்" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

இடியின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கிறோம் என்று ஒரு இளம் பெண் கேமராவோடு வீட்டுக்கு வந்தாள். மகள் செய்த ஏற்பாடு. அந்தப் பெண் கேட்டதற்கெல்லாம் அவர் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். தோளைப் பற்றிக் கேட்டதும் தண்ணீர் வேண்டுமென்றார். கிளம்பும்போது அந்தப் பெண், "அவரும் அதைப் பத்திப் பேசியிருக்கார் சார்" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன சொன்னாருன்னு கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"படத்துல வரட்டும்."

படம் வருவதற்குள் ஒருநாள் கடையில் மோவாயை ஒட்ட மறந்து விழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்க விழுந்த மனிதர், பஞ்சு மெத்தையில் அடிபட்டு வந்து நின்றார். மனைவி தைலத்தை எடுத்தாள்.

படம் ஒரு விடுமுறை மத்தியானம் தொலைக்காட்சியில் வந்தது. முழுக்க இடிதான்: சுவரொட்டி, மாலை, மக்கள் வெள்ளம். தேள் பேசிய அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"இதுக்கா ரெண்டு தடவை முகம் கழுவ வச்சேன்?" என்றாள் மனைவி.

"அம்மா, சும்மா இரேன்" என்றாள் மகள்.

திரையில் இடி வந்தார். தலை நரைத்திருந்தது. டீக் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தார்.

"தேள்தான் ஒடிச்சான்னு எல்லாரும் சொன்னாங்க. தோள் அதுக்கு முந்தின வாரமே கெட்டிருந்தது. யார்கிட்டயும் சொல்லல. அவன் கேட்டான். நான்தான் இழுன்னு அமுக்கினேன். கூட்டமே எழுந்து நின்னுடுச்சு, விட மனசு வரல." கோப்பையைக் கீழே வைத்தார். "அவன் பிடியில இருந்தப்ப நான் ஒருநாளும் பயந்ததில்ல. இதை அவன்கிட்ட சொல்லியிருக்கணும். எங்க சொல்ல விட்டாங்க."

தேள் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். மகள் எழப்போனாள். மனைவி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "கழுவட்டும் விடு. டம்ளர் தேஞ்சா போயிடும்?"

மறுநாள் படம் எடுத்த பெண்ணிடம் இடியின் எண்ணை வாங்கி மகளே அழைத்துக் கொடுத்தாள்.

"நான்... தேள் பேசறேன்."

மறுமுனையில் இடி, "படத்துல பார்த்தேன்டா. என்னடா இவ்வளவு தொந்தி?"

"மெத்தைக் கடையில வேலை பார்த்தா வேற என்ன வரும்? ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"யாராச்சும் பார்த்துட்டா?"

இருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் எலும்பில் இருந்தது.

"பார்க்கட்டும்டா" என்றார் தேள். "முன் வாசல் வழியாவே வா."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்காலியைச் சுவரோரம் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். மனைவி வந்து அதை வெளிப்பக்கம் இழுத்துப் போட்டாள்.

"படத்துல கோப்பையைப் பிடிச்சதைப் பார்த்தா, அவர் இடது கையாலதான் சாப்பிடுவார் போல. சுவர் ஓரமா உக்காந்தா முழங்கை இடம் தேடும்" என்றாள். "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."