கணக்கில் ஆயுள் முடிந்த மரங்கள்

தாவரவியலில் முதுகலை முடித்தவள் கணக்குப் பரீட்சை எழுதப் போகிறாள் என்றதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "பூவையும் இலையையும் படிச்சுட்டு இப்ப பற்று வரவா? உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" ஆய்வக வேலை போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

பரீட்சை தேறி, ஆரஞ்சுத் தோட்டக் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் தற்காலிகமாகச் சேர்ந்தாள். எல்லோருக்கும் அவள் 'செடியம்மா'. வருடக் கணக்கு முடிந்ததும் வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்று தலைமைக் கணக்கர் சொல்லிவிடுவார். அந்த அம்மாளை எதிர்த்துப் பேசி நிலைத்தவர் யாருமில்லை என்பது ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம்.

தேய்மானப் பட்டியலைப் பார்த்து அவள் அசந்துபோனாள். லாரி, பம்ப்செட், அதற்குக் கீழே ஆரஞ்சு மரம்! லாரியைப் போல மரமும் வருடா வருடம் மதிப்பில் தேய்ந்து இருபதாம் வருடம் பூஜ்யமாகிவிடுமாம். பூஜ்யமானதும் வெட்டிவிட்டுக் கன்று நடுவது அங்கே வழக்கம். இந்த வருடம் கிழக்குத் தோப்பின் முறை.

சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தாள். பட்டையில் வெடிப்பில்லை, கிளை நுனியெல்லாம் துளிர். இன்னும் பத்து வருடம் தாராளமாகக் காய்க்கும். அடுத்த மாதம் பூஜ்யமாகப் போகும் மரம் அவள் தலைக்கு மேல் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் படித்த இரண்டு படிப்பும் வீண்.

"மேடம், கிழக்குத் தோப்பை வெட்ட வேண்டாம். இன்னும் பத்து வருஷம் காய்க்கும்."

"கணக்குல ஆயுள் முடியுதே?"

"ஆயுள் நாம போட்ட மதிப்பீடுதானே மேடம்? அதை வருஷா வருஷம் திரும்பப் பார்க்கணும்னு விதியே இருக்கு."

தலைமைக் கணக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்கு நடந்தார். ஒரு கிளையை வளைத்துத் துளிரைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, கணினியில் ஆயுள் கட்டத்தில் இருபதை அழித்து முப்பது என்று அடித்தார்.

ஒரு மரத்துக்கு ஆயுள் கூட்டிக்கொடுக்க இந்தக் கணக்கில் இடம் இருக்கிறதே! அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கிறே? மீதி மதிப்பை மீதி வருஷங்களுக்குப் பிரிச்சுப் போடு. அடுத்த வருஷமும் நீதான் போய் மரத்தைப் பார்த்துட்டு வரணும்."

பாதி எண்களைப் போட்டு முடித்த பிறகுதான் 'அடுத்த வருஷமும்' என்றது அவளுக்கு உறைத்தது.