துலுக்காத கிடா

பண்ணைக்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த திருமலைச்சாமிக்கு ஊரில் ஒருவரையும் பிடிக்காது. மிளகு விலை ஏறினால் ஜீப் வாங்குகிறவனும், இறங்கினால் சாமியாடுகிறவனும் அவருக்கு ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஆடுமாடுகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், அதே ஊர்க்காரர் சேனாதிபதியின் கிடாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. தானாகச் செத்தால் தெய்வக் குத்தம் என்று சேனாதிபதி பட்டறைக்கு வந்து அழுதார்.

“எப்படியாவது பொழைக்க வையுங்கண்ணே.”

“எதுக்கு, வெட்டுறதுக்கா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதையாவுல்ல இருக்கு!”

ஏசினாரே தவிர, அது திணறுவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. கோடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் பற்றவைக்கப் போனபோது, மூச்சு முட்டிய பிள்ளையைக் கூடாரத்துக்குள் படுக்கவைத்து ஆக்சிஜன் விட்டதைப் பார்த்திருந்தார். பழைய பஸ்ஸின் பலகையும் ஜன்னல் கண்ணாடியும் வைத்துப் பெட்டி அடித்தார். மேலே தகர மூடி. கெட்ட காற்று போகக் கீழே ஓட்டைகள். பட்டறை சிலிண்டரிலிருந்து குழாய் இழுத்து, தண்ணீர்ப் புட்டி வழியாக ஆக்சிஜனை உள்ளே விட்டார்.

பூசாரி குருநாதன் சாம்பிராணிச் சட்டியோடு வந்தார்.

“யோவ் பூசாரி, நெருப்போட கிட்ட வந்தீரு, கெடாவுக்கு முன்னால நீரு சாமிகிட்டப் போயிருவீரு!”

மலைக் குளிரில் தகர மூடி வியர்த்து, கிடாவின் முதுகில் சொட்டியது. முதலில் ஒவ்வொரு சொட்டுக்கும் உடம்பைச் சிலுப்பிய கிடா, பிறகு அலுத்துப்போய்ச் சும்மா கிடந்தது. திருமலைச்சாமி அதைக் கவனித்தார். தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்பித் துலுக்கினால்தான் பலிக்குச் சாமி சம்மதம். துலுக்காததை வெட்டக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

மூச்சு சீராகிப் புல் தின்ன ஆரம்பித்தும், “நெஞ்சுல இன்னும் சளி கெடக்கு” என்று சொல்லிக் கிடாவைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தினமும் வெள்ளனே ஒரு செம்புத் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். அது அவர் வேட்டி நுனியை மென்றபோது அவருக்குக் கண் கலங்கியது. அதற்கும் ஊரைத்தான் திட்டினார்.

பலி நாளன்று கோயிலில் குருநாதன் கிடாவின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கிடா அசைபோட்டபடி நின்றது.

“சாமி உத்தரவு தரலையே!”

“நான் என்ன குத்தம் செஞ்சேன்?” என்று சேனாதிபதி நடுங்கினார்.

“ஒண்ணுமில்லே. இந்த ஊருல கருப்பனுக்காவது புத்தி இருக்கு,” என்றார் திருமலைச்சாமி.

அவிழ்த்துவிட்ட கிடா நேரே பட்டறைக்குப் போய்ப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊரார் அந்தப் பெட்டிக்கு மாலை போட்டுக் கும்பிட்டார்கள். திருமலைச்சாமி மாலையை உருவிக் கிடாவுக்குத் தின்னக் கொடுத்தார்.