கடை வாசலில் பஸ் நிற்க வேண்டும்

ஊராட்சியில் வார்டு மெம்பராக இருந்த வருஷங்களிலும் எனக்குச் சோறு போட்டது பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்த என் பஞ்சர் கடைதான். எதிரே தெருக்குழாய். குழாய்க்குப் பக்கத்தில் அரசு மதுக்கடை. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸை விட்டு இறங்குகிற பிள்ளைகள் உடைந்த பாட்டில் சில்லுகளைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் கடையை எடுக்கச் சொல்லி கிராம சபையில் முதலில் எழுந்து நின்றவர் எங்கள் தெருப் பெண் ஒருவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கணவருக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலை. நல்ல மனிதர்தான், சாயங்காலம் வரைக்கும்.

"குடிக்க வேணாமுன்னு சொல்ல நான் யாரு? எம் பிள்ளைக கண்ணுல படாத எடத்துல வச்சுக் குடிக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, ஒரு வழியாகக் கடையை எடுத்தார்கள். வெடி போட்டோம். எடுத்த கடையைத் திருச்சுழி ரோட்டில் வீடு வாசல் இல்லாத கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். சட்டப்படி குறை சொல்ல முடியாத இடம்.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கடை ஊருக்குள் இருந்தவரை எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாய்கிற நேரம் குடத்தோடு குழாயடிக்கு வருவார்கள். கடைப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள். புருஷன் வெளியே வந்ததும் நிறைகுடத்தை அவர் தோளில் ஏற்றிவிட்டு முன்னால் நடப்பார்கள். தண்ணீர் சிந்தினால் தெருவே சிரிக்கும் என்பதால், எப்படிப்பட்ட ஆளும் அடியெண்ணி நடந்து வீடு போய்ச் சேருவான். "எங்க வீட்டுல தண்ணி சுமக்குறதே தண்ணியடிச்ச ஆளுதேன்" என்று குழாயடியில் கேலி பேசிக்கொள்வார்கள்.

கடை போனதும் அந்தப் பழக்கமும் போயிற்று. அவ்வளவு தூரம் குடத்தோடு யார் போவது? ஆண்கள் வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஒன்றுமில்லை, திரும்பி வரும்போதுதான்.

அந்தப் பெண்ணின் கணவர் கண்மாய்க்கரை வளைவில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். வண்டி என் கடைக்கு வந்தது. ஹேண்டில்பார் கிடாக்கொம்பு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

கணவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்தப் பெண் என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, நொண்டிக்கிட்டே வண்டியக் கேக்குறாக. இன்னொரு தடவ விழுந்தா அள்ளிக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல. ஒரு தீர்மானம் போடணும்."

"என்ன தீர்மானம்த்தா?"

"கடை வாசல்ல பஸ்ஸு நிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது. கடையை விரட்ட மனு எழுதிய கையாலேயே, கடைக்குப் பஸ் கேட்டு எழுத வேண்டும்.

அடுத்த கிராம சபையில் அவர் இதைச் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அப்பிடியே ஊறுகாயும் பஸ்ஸுலயே குடுக்கச் சொல்லுத்தா!" என்றார் ஒருவர்.

"ஒன் வண்டி விழுந்த அன்னைக்கு ஒம் பொண்டாட்டி கேப்பா, அப்பச் சிரி" என்றார் அந்தப் பெண். கேலி பேசியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "மதுக்கடைக்கு பஸ் ஸ்டாப்புன்னு நான் எப்படிம்மா எழுதி அனுப்புறது?"

"கூலியாளுக ஏறி எறங்கன்னு எழுதுங்க சார். குடிச்சாலும் அவுக கூலியாளுகதான?"

அப்படியே எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. நினைவூட்டி எழுதினோம். அதற்கும் வரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே ஒருநாள் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் டிரைவரைப் பார்க்க, டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாராம்: "இருட்டுல ரோட்டோரம் எவன் கெடக்கான்னு பயந்து பயந்து ஓட்டுறதுக்கு, ஏத்திக்கிட்டுப் போறது எவ்வளவோ மேலு அக்கா." உத்தரவு இல்லாமலே மாலை பஸ் அங்கே நிற்க ஆரம்பித்தது.

ஆனால் வீட்டில் வண்டி நின்றால் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? அந்தப் பெண் மறுபடி என் கடைக்கு வந்தார். "வண்டியச் சரி பண்ணிராதீக அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். தொழில் செய்கிறவனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. வாரக்கணக்கில் ஒரு வண்டியை மூலையில் போட்டு, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் பஞ்சர் ஒட்ட வேண்டும்.

மாலை பஸ் வந்தால் அவருடைய கணவர் கம்பியைப் பிடித்துப் பையப் பைய இறங்குவார். நேரே என்னிடம்தான் வருவார்.

"ஏலே மச்சான், வண்டிக்குச் சாமான் வந்துருச்சா?"

"வரல மச்சான்."

"மதுரையில இல்லாத சாமானா? நீ என்ன ஏரோப்ளேனா கட்டுற?"

பஸ்ஸில் இருக்கிறவர்கள் ஜன்னல் வழியே சிரிப்பார்கள். அந்தப் பெண் கணவரின் நொண்டிக் காலுக்குப் பக்கமாக வந்து நிற்பார். குடிக்கிற அளவு குறையவே இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்குமேல் எந்த ஆபீசில் போய் என்ன கேட்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"நாளைக்குக் கேட்டுக்கலாம். இப்ப வாங்க, சோறு ஆறுது" என்பார்.

இருவரும் தெருவுக்குள் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.